கான்சாபுரம் ரோட்டுக்கு அடியில் என்ன இருக்கு தெரியுமா?

கிருஷ்ணன்கோவிலில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பி, வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, கான்சாபுரம் பக்கம் போயிருக்கிறீர்களா? போனவர்கள் எல்லாரும் மலையைத்தான் பார்த்திருப்பார்கள். 2025-இல் கூமாப்பட்டி ரீல்ஸ் தமிழ்நாடு முழுக்க ஓடியபோதும் மலை, அணை, தண்ணீர், தென்னந்தோப்பு என்றே கண் போனது. என் கண்ணோ கீழேயே இருக்கும். அந்தத் தார் ரோடு! அதற்குள் எத்தனை சோதனை, எத்தனை கையெழுத்து, எத்தனை பேர் வியர்வை! வாங்க, தாரை லேசாகத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துவிடலாம்.

முதலில் பணம். கிராமத்து ரோட்டுக்குப் பெரிய வாசல்கள் இரண்டு. ஒன்று, 2000 டிசம்பர் 25-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம். சமவெளியில் 500 பேர் வசிக்கும், ரோடு எட்டாத குடியிருப்பு என்பதுதான் அப்போது வைத்த அளவுகோல். முதலில் முழுச் செலவும் மத்திய அரசுடையது. பிறகு மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்று ஆனது. இன்னொன்று நம் மாநில அரசின் நிதி. 2023 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்த முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம்: சுமார் 10,000 கிலோமீட்டர் ஊராட்சி, ஒன்றியச் சாலைகள், 4,000 கோடி ரூபாய்! எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், ஒர்க் ஆர்டர் என்று கோப்பு மேசை மேசையாக நகரும். அதை வேகமாகத் தாண்டிவிடுவோம், ஏனென்றால் கொண்டாட்டம் மண்ணில்தான் இருக்கிறது.

ரோடு போடும் முன் அந்த இடத்து மண்ணை அள்ளிக்கொண்டு போய்ச் சோதனைக்கூடத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அச்சில் இடித்து இறுக்கி, நான்கு நாள் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள்! ஐப்பசி மழையில் ஊறிக் கிடக்கும்போதும் இந்த மண் பாரம் தாங்குமா என்று பார்க்கத்தான். நான்காம் நாள் வெளியே எடுத்து, ஒரு இரும்புத் தண்டை மெல்ல மெல்ல அதில் அழுத்துவார்கள். எவ்வளவு எதிர்த்து நிற்கிறதோ அதுதான் மண்ணின் பலம். அந்த எண்ணை வைத்துத்தான் எத்தனை அங்குலம் கிராவல், எத்தனை அங்குலம் சல்லி என்ற கணக்கே எழுதப்படுகிறது.

அப்புறம் அடுக்குகள். அடியில் கிராவல், அதன்மேல் பெரிய சல்லி, அதற்கும் மேல் சின்னச் சல்லி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ரோலர். எல்லாம் முடிந்தபின் மேலே வரும் கறுப்புத் தார், கிராமச் சாலைகளில் பெரும்பாலும் வெறும் 20 மில்லிமீட்டர்! நம் கண்ணுக்குத் தெரிகிற ரோடு அவ்வளவுதான். பாரம் சுமப்பதெல்லாம் கீழே இருப்பவை. ரோட்டின் நடுவைக் கொஞ்சம் தூக்கி, இரண்டு ஓரமும் சரியவிட்டிருப்பார்கள், மழைத்தண்ணீர் நிற்காமல் ஓட. இதற்குக் கேம்பர் என்று பெயர். அடுத்த முறை நடக்கும்போது குனிந்து பாருங்கள், அந்த மெல்லிய வளைவு தெரியும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். அந்தத் தாரில் நம் வீட்டுக் கேரிபேக்கே இருக்கலாம்! மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டுபிடித்த வழி அது. பிளாஸ்டிக் கழிவைப் பொடிப்பொடியாக நறுக்கி, 160, 170 டிகிரி சூட்டில் இருக்கும் சல்லி மேல் தூவினால் நொடியில் உருகி, கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் கடலைமேல் பாகு ஏறுகிற மாதிரி ஒவ்வொரு கல்லையும் மூடிக்கொள்ளும். அதன்மேல் தார் ஊற்றினால் பிடி விடாது, தண்ணீரும் எளிதில் உள்ளே இறங்காது. 2002-லேயே சோதனை ரோடுகள் வந்துவிட்டன. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. பிளாஸ்டிக்கை நறுக்கும் வேலையில் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் இறங்கின. ரோடு முடியும் முன்னாலேயே அது சம்பளம் தரத் தொடங்கிவிட்டது!

ஆனால் பெரிய சம்பளம் ரோடு முடிந்த பிறகுதான். சாம் ஆஷர், பால் நோவோசாத் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இந்தியக் கிராமச் சாலைகளை அலசி 2020-இல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? ரோடு வந்ததும் ஊருக்குள் தொழில் பெரிதாக முளைத்துவிடவில்லை; விளைச்சலும் வருமானமும் துள்ளிவிடவில்லை. ஆட்கள் வயல் வேலையை விட்டு வெளி வேலைக்குப் போனதுதான் பெரிய மாற்றம். இதைப் படித்தபோது ராஜபாளையம்தான் என் நினைவுக்கு வந்தது. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸிலிருந்து வளர்ந்த நூற்பாலைகள், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகள், ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா அடுப்புகள், எல்லாம் மலையடிவாரத்து ஊர்களிலிருந்து பஸ் தூரத்தில் இருக்கின்றன. ரோடு அந்த வேலைகளைக் கான்சாபுரத்துக்குக் கொண்டுவராது. கான்சாபுரத்து ஆளை அங்கே கொண்டுபோய்விடும். அதற்கு ரோட்டின் மேல் பஸ் ஓட வேண்டும்.

அங்கேதான் ரோட்டு நிதியோடு இன்னொரு அரசு நிதியும் வருகிறது. 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் கிழித்துத் தரும் அந்தக் கட்டணமில்லா டிக்கெட்டுக்குப் பின்னால், போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடுகட்டும் மானியம் இருக்கிறது. மாதம் சராசரியாக 888 ரூபாய் ஒரு பெண்ணுக்கு மிச்சம் என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கண்டது. மில் சம்பளக்காரிக்கு அது மளிகைக் காசு, பிள்ளையின் டியூஷன் காசு! ரோட்டு நிதியும் பஸ் நிதியும் சேர்ந்து வந்தால்தான் வேலை கைக்கு எட்டும். ஷிப்டு தொடங்கும் நேரத்துக்குப் பஸ் இல்லாத ஊரில் புத்தம் புது ரோடும் பாதி ரோடுதான்.

பிரதமர் திட்டத்து ரோடு என்றால் தொடக்கத்தில் ஒரு பலகை நிற்கும். நீளம், செலவு, ஒப்பந்தக்காரர், எந்த அடுக்கில் எவ்வளவு பொருள், எல்லாம் தமிழில் இருக்க வேண்டும். ரோடு முடிந்து ஐந்து ஆண்டு வரை பராமரிப்பும் அதே ஒப்பந்தக்காரர் பொறுப்பு. அதற்குள் பள்ளம் விழுந்தால் சும்மா கடந்து போகாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளும் கிராம சபை கூடுகிறது. பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். ரோட்டோடு காலை ஷிப்டுக்கு ஒரு பஸ்ஸையும் சேர்த்துக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள்.