கேமரன் மலைத் தேயிலை வணிகக் குடும்பங்களும் ஒப்புரவும்: ஒரு விளக்கம்

முன்னுரை

வணிகக் குடும்பத்தில் பிறந்து, கடை நடத்திப் பொருளீட்டி, அதில் ஒரு பங்கைத் தம் ஊருக்கே திருப்பித் தருபவரைக் கொடையாளர் எனப் போற்றுகிறோம். அவர் தருவது கொடையா, கடமையா, விளம்பரமா என்று நாம் வினவுவது அரிது. பகாங் மாநிலக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து அவ்வினாவுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

வணிகக் குடும்பங்கள்

1885ஆம் ஆண்டு இப்பகுதியில் நில அளவை மேற்கொண்ட வில்லியம் கேமரனின் பெயரையே இம்மலை தாங்கி நிற்கிறது. 1929இல் ஜே. ஏ. ரசல் என்பார், இலங்கையில் தேயிலைப் பயிரிடுதலில் பட்டறிவு பெற்ற ஏ. பி. மில்ன் துணையுடன் இங்குப் போ தோட்டத்தை நிறுவினார். அகர்வால் குடும்பத்தாரின் பாரத் நிறுவனம் 1933இல் தோன்றியது. இவ்விரண்டும் குடும்ப நிறுவனங்களாகவே வளர்ந்தன. தேயிலையைப் பயிரிட்டுப் பதப்படுத்துவதோடு நில்லாமல், பொட்டலமிட்டுக் கடைகளுக்கு அனுப்புகின்றன. மலைக்கு வரும் பயணியருக்குத் தேநீர்க் கூடங்களில் நேரடியாகவும் விற்கின்றன. இத்தகைய சில்லறை வாணிகத்தில் நற்பெயரும் ஒரு முதலீடே. ஆதலால் ஊர்நலப் பணிக்கும் விற்பனைக்கும் இடைப்பட்ட எல்லைக்கோடு மெலிதாகிறது.

கடமையும் ஆதரவும்

தோட்டப் பள்ளியை நிருவாகத்தின் கொடையாகக் கூறும் வழக்கம் நம்மிடையே உண்டு. வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது. பகாங்கும் அடங்கிய மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்த தோட்டங்களில் பள்ளி அமைக்கும் பொறுப்பை முதலாளிமார்மீது சுமத்தியது. கங்காணியும் கிராணியும் ஆசிரியராக அமர்ந்த பள்ளிகள் பல. ஆகவே அப்பள்ளிகளின் தோற்றத்தைச் சட்டக் கடமை எனக் கொள்வதே பொருந்தும்.

இதற்கு மாறாக, போ நிறுவனம் 2000களின் தொடக்கத்திலிருந்து ஆதரித்து வந்த கலை விருதுகள் எந்தச் சட்டத்தாலும் விளைந்தவை அல்ல. மலேசிய மேடைக் கலைக்கு அவை நல்ல துணை. எனினும் அவற்றின் களம் கோலாலம்பூரும் அதன் சுற்றுப்புறமுமே. கொழுந்து பறிக்கப்படும் மலை அன்று.

வள்ளுவர் காட்டும் வேறுபாடு

திருக்குறள் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரத்திலும் ஈகையை 23ஆம் அதிகாரத்திலும் தனித்தனியே வைத்துள்ளமை ஈண்டு எண்ணத்தக்கது. ஈகை வறியவரை நோக்கியது. ஒப்புரவுக்கு வள்ளுவர் காட்டும் உவமைகளோ நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், மருந்தாகும் மரம் என்பன. ஊருணியில் நீர் முகப்பவர் எவரிடமும் இரக்க வேண்டியதில்லை. கேளாமலே கிடைப்பதும், ஊரிலேயே நிலைத்து நிற்பதும் ஒப்புரவின் இலக்கணம் எனலாம்.

நிலமே அளவுகோல்

இவ்விலக்கணத்தைத் தோட்டப்புறத்தில் பொருத்திப் பார்த்தால் நிலவுரிமையே முதன்மை பெறுகிறது. விடுதலைக்குப் பின் ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்றது. ஆயினும் தனியார் நிலத்தில் அமைந்த தமிழ்ப்பள்ளிகள் பல, பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடித்தன. கட்டடச் சீரமைப்புக்கும் அவை பிறர் கையை எதிர்நோக்கின. தோட்டம் கைமாறினால் பள்ளியின் இருப்பே ஐயத்துக்குள்ளாகும்.

மலைக்கு மேற்கே, பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டில், ரப்பர்த் தோட்ட உரிமையாளரின் மகனான துன் வீ. தி. சம்பந்தன் 1954இல் மகாத்மா காந்தி கலாசாலையை நிறுவினார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கும் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தையும் தொடங்கினார். நிறுவியவர் 1979இல் மறைந்த பின்னரும் இரண்டும் நிலைத்து நின்றன. இதுவே ஊருணி.

முடிவுரை

வணிகர் ஒருவரின் கொடையை மதிப்பிட மூன்று வினாக்கள் போதும். அது சட்டம் கோருவதற்கு மேற்பட்டதா? செல்வம் விளைந்த ஊரிலேயே பயன் தங்குகிறதா? கொடுத்தவர் நீங்கினும் நிற்குமா? போ தோட்டம் உள்ளிட்ட தோட்டங்களின் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் கேமரன் மலையில் உள்ளன. அத்தகைய பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் தத்தம் பள்ளியின் நிலம் யார் பெயரில் உள்ளது என்பதை ஆவணப்படுத்தினால், நன்றி கூறத்தக்க இடமும் உரிமை கோரத்தக்க இடமும் நமக்குத் தெளிவாகப் புலப்படும்.