பின்கால் விழுந்த நாய்க்கு ஊசிதான் முடிவா?

பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்துக் காபித் தோட்டங்களில் இரவுக் காவலுக்கு நாய்தான். அந்த நாய் ஒருநாள் திடீரெனப் பின்கால்களை இழுத்துக்கொண்டு நகர்கிறது, படுத்த இடத்திலேயே மலம் போகிறது என்றால், "பாவம், ஊசி போட்டு அனுப்பிவிடலாம்" என்ற பேச்சு வந்துவிடும். நடை போனதைப் பொறுத்துக்கொள்கிறவர்கள்கூட மலம் அடங்காததைக் கண்டதும் நம்பிக்கை இழக்கிறார்கள். இந்த அவசரம் தவறு. மலம் அடங்காமை, மூளைக்கும் ஆசனவாய்த் தசைக்கும் இடையே செய்தி தடைபட்டிருப்பதைச் சொல்லும். அந்தத் தடை நிரந்தரமா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

நாயின் முதுகில் 13 மார்பு முள்ளெலும்புகளும் 7 இடுப்பு முள்ளெலும்புகளும் உள்ளன. அவற்றுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கின் வெளிப்பக்கம் கெட்டியான நார் வளையம், உள்ளே கூழ். டாஷ்ஹண்ட், பெக்கினீஸ் போன்ற குட்டைக்கால் இனங்களில் இந்தக் கூழ் இளம் வயதிலேயே வறண்டு, சுண்ணாம்பு படிந்துவிடுகிறது. பிறகு ஒரு சின்னத் தாவலில்கூட வளையம் கிழிந்து, உள்ளிருப்பது தண்டுவடத்தின் மேல் பீறிட்டு அடிக்கும். மெதுவாகப் புடைக்கும் டிஸ்க்கையும் இப்படி வெடிக்கும் டிஸ்க்கையும் சுவீடனின் ஹான்சன் 1952-இல் தனித்தனியாக வகைப்படுத்தினார். வெடிக்கும் வகைக்கு, 12-ஆவது குரோமோசோமில் கூடுதலாக ஒட்டிக்கொண்ட எஃப்ஜிஎஃப்-4 மரபணுப் பிரதி காரணம் என்பது 2017-இல் தெரியவந்தது. சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற நெட்டைக்கால் நாய்களுக்கு வயதாகும்போது டிஸ்க் புடைப்பது உண்டு. மலைத் தோட்டத்தில், காட்டுப்பன்றி தூக்கி எறிந்தோ வண்டி மோதியோ முதுகெலும்பே முறிந்திருக்கவும் கூடும். அதனால் எல்லாப் பின்கால் விழுதலும் டிஸ்க் அல்ல.

ஆசனவாயின் வெளிச்சுருக்குத் தசையை ஆள்பவை திரிக நரம்புகள். அவை கிளம்பும் தண்டுவடப் பகுதி நாய்க்கு ஐந்தாம் இடுப்பு எலும்பை ஒட்டியே இருக்கிறது. டிஸ்க் அதிகம் வெடிப்பதோ அதற்கு மேலே, மார்பும் இடுப்பும் சேரும் இடத்தில். அங்கே அடிபட்டால் சுருக்குத் தசை தளர்வதில்லை. மலக்குடல் நிறைந்ததும் நாய்க்குத் தெரியாமலே தானாக வெளியேறும். இதனால் ஒரு வசதியும் உண்டு: ஆசனவாயைச் சுற்றி ஈரத்துணியால் வருடினால் மலம் இறங்கும் என்பதால், வேளை வைத்துக் கழிக்கவைக்கலாம். கீழ்ப்பகுதி நரம்புகளே சிதைந்தால் தசை தளர்ந்து ஓயாமல் கசியும். அதைச் சமாளிப்பது கடினம். உண்மையில் நாம் அஞ்ச வேண்டியது மலத்தை அல்ல, சிறுநீரை. தேங்கிய சிறுநீர்ப்பையை வேளாவேளைக்கு அழுத்திக் காலி செய்யாவிட்டால் தொற்று ஏறும். துர்நாற்றம் இல்லாததால் இதை யாரும் கவனிப்பதில்லை.

தீர்ப்பு சொல்வது கால்விரல். மருத்துவர் விரல் எலும்பைக் கிடுக்கியால் அழுத்தும்போது நாய் திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா என்பதே கேள்வி. காலை இழுத்துக்கொள்வது வெறும் அனிச்சை. அதை உணர்ச்சி என்று நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. 2022-இல் வெளியான அமெரிக்கக் கால்நடை மருத்துவ வல்லுநர்களின் கூட்டறிக்கைப்படி, டிஸ்க் வெடித்து நடை முற்றிலும் போயும் ஆழ்ந்த வலியுணர்வு இருக்கும் நாய்களில் அறுவை செய்தால் சுமார் 93 சதவீதமும், ஓய்வும் மருந்தும் மட்டும் என்றால் 60 சதவீதமும் நடக்கின்றன. வலியுணர்வும் போயிருந்தால் இவை 61, 21 எனக் குறைகின்றன. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், வலியுணர்வு இழந்தும் மீண்டு நடந்த நாய்களில் 41 சதவீதத்துக்கு லேசான மலக்கசிவு நீடித்தது. ஓடியாடிய நாய்கள்தாம் அவை.

வெறிநாய்க்கடி நோயாக இருந்தால்? நியாயமான அச்சம். வாத வகை ரேபிஸும் பின்காலில் தொடங்கக்கூடும். ஆனால் அதில் தாடை தொங்குதல், எச்சில் வடிதல், குரல் மாறுதல் என்று சில நாட்களில் மேலேறி, பத்து நாட்களுக்குள் பெரும்பாலும் சாவில் முடியும். தடுப்பூசி போடாத நாய் என்றால் வாயருகே கை வைக்காமல் மருத்துவரிடம் அதை முதலில் சொல்ல வேண்டும். அடுத்தது செலவும் தூரமும். அறுவைக்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போவதென்றால் இங்கிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர்; எல்லாராலும் போக முடியாது. அதற்காக வேறு வழியே இல்லை என்றாகாது. வலியுணர்வு உள்ள நாயைக் குறைந்தது 4 வாரம் கூண்டில் அடைத்து ஓய்வும் மருந்தும் கொடுப்பதற்குப் பெரிய செலவில்லை. அதற்கே 60 சதவீதப் பலன். ஊசி சரியான முடிவாகும் சந்தர்ப்பமும் உண்டு. வலியுணர்வு இழந்தவற்றில் பத்தில் ஒன்றுக்குத் தண்டுவடம் அழுகி, செயலிழப்பு முன்கால்வரை ஏறும், அதற்கு மருந்தில்லை.

பின்கால் விழுந்த நாயைக் கைகளில் தொங்கவிடாமல் பலகையில் கிடத்தித் தூக்குங்கள். வீட்டிலிருக்கும் மனித வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அது குடலையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். விரலில் வலி தெரிகிறதா என்று மருத்துவர் சோதித்துச் சொல்லும்வரை ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள்.