எண்ணிக்கையில் சேராத பந்துகள்

அமெரிக்காவில் வசந்த காலத்து மாலை ஒன்றில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் பேஸ்பால் திடலுக்குச் சென்றால், கையில் குறிப்பேட்டுடன் அமர்ந்திருக்கும் ஒருவரை இரு அணிகளின் பக்கத்திலும் காணலாம். மட்டையாளரை நோக்கிப் பந்து எறியப்படும் ஒவ்வொரு முறையும் அவர் ஒரு கோடு இடுகிறார். இன்னிங்ஸ் முடிந்ததும் இருவரும் தத்தம் கணக்கை ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். பந்தெறியும் சிறுவனின் கை அன்று எத்தனை முறை உழைத்தது என்பதே அந்தக் கணக்கு. வரம்பை எட்டியவுடன், அணி வென்றுகொண்டிருந்தாலும் தோற்றுக்கொண்டிருந்தாலும், அவன் பந்தை வேறொருவனிடம் கொடுத்துவிட வேண்டும்.

வளரும் பிள்ளைகளின் மூட்டு வலியை வீட்டில் எவ்வாறு கவனிப்பது என்ற கேள்வி பல பெற்றோர்களுக்கு உண்டு. அதற்கு விடை தேட இந்தக் குறிப்பேடு உதவும். அதில் எழுதப்படுபவை ஒருபுறமிருக்க, எழுதப்படாமல் போகின்றவற்றையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் அணியின் பருவம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் முதன்மை அணிக்கு வார்சிட்டி என்று பெயர். அதற்கு அடுத்த நிலையில் இருப்பது ஜூனியர் வார்சிட்டி. பெரும்பாலும் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்கள், அதாவது பதினான்கு முதல் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள், இதில் ஆடுகிறார்கள். இந்த அணியின் ஆட்டங்களுக்குக் கூட்டம் அதிகம் வருவதில்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், சில நண்பர்கள், அவ்வளவுதான். ஆயினும் ஆடுகின்ற பிள்ளைக்கு இது பெரிய பருவம். அடுத்த ஆண்டு முதன்மை அணியில் இடம் கிடைக்குமா என்பது இங்கேதான் தீர்மானமாகிறது.

குளிர் மிகுந்த வடமாநிலங்களில், மார்ச் மாதத்தில் திடல் உலர்வதற்கு முன்பே உள்ளரங்கில் பயிற்சி தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஆட்டங்கள் நெருக்கமாக வரும். மழையால் ஓர் ஆட்டம் தள்ளிப்போனால், அது ஏற்கெனவே நிரம்பிய மற்றொரு வாரத்தில் வந்து விழும். நம்பிப் பந்தைக் கொடுக்கக்கூடிய சிறுவர்கள் அணியில் சிலரே இருப்பார்கள். ஒரே வாரத்தில் மூன்று நான்கு ஆட்டங்கள் வரும்போது, நன்றாக எறியும் ஒருவனையே மீண்டும் மீண்டும் அழைக்கப் பயிற்சியாளருக்கு மனம் வரும். அழைத்தால் மறுக்க அந்தச் சிறுவனுக்கு மனம் வராது.

இவ்வயதில் மற்றொரு மாற்றமும் நேர்கிறது. பன்னிரண்டு வயது வரையிலான லிட்டில் லீக் ஆட்டங்களில் பந்தெறிபவர் நிற்கும் தூரம் 46 அடி. உயர்நிலைப் பள்ளியில் அது 60 அடி 6 அங்குலம். தொழில்முறை ஆட்டக்காரர்கள் எறியும் அதே தூரம். பந்தின் எடையும் ஏறத்தாழ அதுவே. பதினான்கு வயதில் வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும் உடல், பெரியவர்களின் தூரத்திலிருந்து பெரியவர்களின் பந்தை எறிகிறது.

வளரும் முழங்கையில் நேர்வது

கிரிக்கெட்டில் பந்து வீசுபவரின் முழங்கை ஏறத்தாழ நேராகவே இருக்க வேண்டும். பேஸ்பாலில் அவ்வாறன்று. மடங்கிய முழங்கை, சாட்டையைச் சொடுக்குவதுபோல் கணப்பொழுதில் நிமிர்கிறது. அந்தக் கணத்தில் முழங்கையின் உட்புறம் பிரிந்து இழுபடுகிறது, வெளிப்புறம் அழுந்துகிறது.

வளர்ந்தவர்களுக்கு உட்புறத்தில் அந்த இழுப்பைத் தாங்குவது லிகமென்ட் எனப்படும் தசைநார். வளரும் பிள்ளைகளுக்கு அதனருகில் மற்றொரு பகுதியும் உண்டு. எலும்பு நீண்டு வளர்வதற்கு இடமளிக்கும் குருத்தெலும்புப் பகுதி அது. வளர்ச்சித் தட்டு என்று மருத்துவர்கள் அதை அழைக்கிறார்கள். முழங்கையின் உட்புறத்தில் உள்ள வளர்ச்சித் தட்டு பொதுவாகப் பதினைந்து வயதை ஒட்டியோ, அதற்குச் சற்றுப் பின்னரோதான் முழுமையாக எலும்பாக மாறி மூடுகிறது. அதுவரை அது தசைநாரைவிட வலிமை குன்றியது. எனவே மீண்டும் மீண்டும் இழுபடும்போது முதலில் பாதிப்படைவது அதுவே. இதற்கு 'லிட்டில் லீகர் முழங்கை' என்ற பெயர் மருத்துவ இதழ்களில் 1960-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது.

தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் இதற்குரிய முதன்மையான சிகிச்சை ஓய்வுதான். சில வாரங்கள் எறிவதை முற்றிலும் நிறுத்த வேண்டும். பின்னர் குறைந்த தூரத்தில், குறைந்த விசையுடன் தொடங்கிப் படிப்படியாக உயர்த்த வேண்டும். வலியோடு தொடர்ந்து எறிந்தால், வளர்ச்சித் தட்டு விலகி அறுவைச் சிகிச்சை வரை செல்லவும் கூடும்.

விதி எப்படி வந்தது

முன்பெல்லாம் இத்தனை இன்னிங்ஸ் எறியலாம் என்றே கணக்கு இருந்தது. ஆனால் ஓர் இன்னிங்ஸ் பத்துப் பந்துகளிலும் முடியும். நாற்பது பந்துகளிலும் முடியாமல் நீளும். இதை உணர்ந்த லிட்டில் லீக் 2007-ஆம் ஆண்டில் எறியும் பந்துகளையே எண்ணும் முறைக்கு மாறியது. 2014-இல் மேஜர் லீக் பேஸ்பாலும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் இணைந்து 'பிட்ச் ஸ்மார்ட்' என்னும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. 2017 பருவம் முதல் ஒவ்வொரு மாநிலமும் பள்ளி ஆட்டங்களுக்குப் பந்து வரம்பு வகுக்க வேண்டும் என்பது தேசிய அளவிலான விதியாயிற்று. வரம்பு எவ்வளவு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும்.

பிட்ச் ஸ்மார்ட் நெறிகளின்படி, பதினைந்து, பதினாறு வயதினர் ஒரு நாளில் 95 பந்துகளுக்கு மேல் எறியலாகாது. 30 பந்துகள் வரை எறிந்தால் கட்டாய ஓய்வு நாள் இல்லை. 31 முதல் 45 வரை எறிந்தால் ஒரு நாள், 46 முதல் 60 வரை இரண்டு நாள், 61 முதல் 75 வரை மூன்று நாள், அதற்கு மேல் நான்கு நாள் ஓய்வு. பதின்மூன்று, பதினான்கு வயதினருக்கு இந்தப் படிகள் இன்னும் குறைவு. 66 பந்துகளிலேயே நான்கு நாள் ஓய்வு வந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரே அணியில் ஆடும் இருவர், ஒருவனுக்குப் பதினைந்து வயது, மற்றவனுக்குப் பதினான்கு. வெவ்வேறு திங்கட்கிழமைகளில் இருவரும் 70 பந்துகள் எறிகிறார்கள். மூத்தவன் வெள்ளிக்கிழமை மீண்டும் எறியலாம். இளையவன் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். திறமையில் இருவரும் சமமாக இருக்கலாம். எலும்பின் வயது சமமன்று.

யாரும் எண்ணாத பந்துகள்

இவ்வளவு கவனமான கணக்கிலும் இடைவெளிகள் உண்டு. ஆட்டத்துக்கு முன்பு உடலைச் சூடேற்ற எறியும் பந்துகள் குறிப்பேட்டில் ஏறுவதில்லை. பயிற்சி நாளில் எறிபவை ஏறுவதில்லை. பந்தெறிந்து ஓய்ந்த சிறுவனை அதே ஆட்டத்தில் மட்டையாளருக்குப் பின்னே பந்து பிடிக்க அமர்த்தினால், அவன் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான், அதுவும் ஏறுவதில்லை. அதனால்தான் ஒரே ஆட்டத்தில் இவ்விரு பணிகளையும் ஒருவனே செய்ய வேண்டாம் என்று நெறிகள் கூறுகின்றன.

இவை எல்லாவற்றிலும் பெரிய இடைவெளி வார இறுதியில் உள்ளது. பள்ளி அணியில் ஆடும் பலர், ஊர்விட்டு ஊர் சென்று போட்டியிடும் தனியார் மன்ற அணிகளிலும் ஆடுகிறார்கள். பள்ளிப் பயிற்சியாளரிடம் ஒரு குறிப்பேடு, மன்றப் பயிற்சியாளரிடம் மற்றொன்று. இரண்டிலும் வரம்பு மீறப்படாமல் இருக்கலாம். இரண்டையும் கூட்டினால் கை வரம்பைக் கடந்திருக்கும். அந்த இரண்டு குறிப்பேடுகளுக்கும் நடுவே பிள்ளையை வண்டியில் ஏற்றிச் செல்லும் தாய்க்கோ தந்தைக்கோதான் முழுக் கணக்கும் தெரியும்.

2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தோள் அல்லது முழங்கை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 95 இளம் பந்தெறிவாளர்களை, காயமுறாத 45 பேருடன் ஒப்பிட்டது. ஆண்டுக்கு எட்டு மாதத்துக்கு மேல் போட்டிகளில் எறிந்தவர்களுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு ஐந்து மடங்கு. கை சோர்ந்த நிலையிலும் வழக்கமாக எறிந்தவர்களுக்கு அது 36 மடங்கு. வேறெந்தக் காரணமும் இவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. சோர்வை எந்தக் குறிப்பேடும் எண்ண இயலாது. அதைப் பிள்ளை வாய்திறந்து சொல்ல வேண்டும். சொன்னால் இடம் பறிபோகாது என்ற நம்பிக்கையும் அவனுக்கு வேண்டும்.

அறுவைச் சிகிச்சை குறுக்குவழியன்று

டாமி ஜான் என்பவர் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் பந்தெறிவாளர். 1974-ஆம் ஆண்டு அவருடைய இடது முழங்கையின் தசைநார் சிதைந்தது. மருத்துவர் ஃபிராங்க் ஜோப், வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் பொருத்தினார். மீண்டும் ஆடும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றே அவர் கருதினார். 1975 பருவம் முழுவதையும் ஓய்விலும் பயிற்சியிலும் கழித்த டாமி ஜான், 1976-இல் திரும்பினார். வாழ்நாளில் அவர் பெற்ற 288 வெற்றிகளுள் 164 அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தையவை.

அந்தச் சிகிச்சை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அவருடைய மீட்சி பலருக்கு நம்பிக்கை அளித்தது. அதே மீட்சி ஒரு தவறான எண்ணத்தையும் வளர்த்தது. கை பழுதானால் சரிசெய்துகொள்ளலாம், முன்னைவிட வேகமாகவும் எறியலாம் என்று சில பெற்றோர்களும் பிள்ளைகளும் நம்பத் தொடங்கினார்கள். 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் நடந்த இத்தகைய சிகிச்சைகளை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவை 15 முதல் 19 வயதினருக்குச் செய்யப்பட்டவை எனத் தெரியவந்தது. மீண்டு வர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். எல்லோரும் பழைய நிலைக்குத் திரும்புவதுமில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

உங்கள் பிள்ளை ஆடுவது வேறு விளையாட்டாக இருக்கலாம். கிரிக்கெட்டில் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முழங்கையைவிடக் கீழ்முதுகின் எலும்பே மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. இங்கிலாந்தின் கிரிக்கெட் வாரியம் அவர்களுக்கும் வயதுவாரியாக ஓவர் வரம்பு வகுத்துள்ளது. நீச்சல், இறகுப்பந்து போன்றவற்றிலும் தோள் ஒரே அசைவை ஆயிரமாயிரம் முறை செய்கிறது. அடிப்படை ஒன்றுதான்.

பள்ளி, மன்றம், பயிற்சி வகுப்பு ஆகிய அனைத்தின் கணக்கையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் வரும்போது அதைக் கொண்டு வாருங்கள். ஆட்டம் முடிந்ததும் "வென்றாயா?" என்று கேட்பதற்கு முன், "கை எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். முழங்கையை முழுதும் நீட்ட இயலாமை, மறுநாளும் நீடிக்கும் வலி, வீக்கம், விரல்களில் மரத்துப்போதல், திடீரெனக் குறையும் வேகம் அல்லது துல்லியம் ஆகியவற்றைக் கண்டால் எறிவதை நிறுத்தி மருத்துவரை அணுகுங்கள். வலி நிவாரணி கொடுத்து ஆட அனுப்பாதீர்கள். ஆண்டில் நான்கு மாதங்களேனும் எறிவதிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதும், அவற்றுள் இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ச்சியாக அமைய வேண்டும் என்பதும் பிட்ச் ஸ்மார்ட் தரும் அறிவுரை.

ஓய்வில் இருக்கும் பிள்ளைக்குக் கையைவிட மனம் அதிகம் வலிக்கும். அணியிலிருந்து தான் விலக்கப்பட்டதாக அவன் எண்ணக்கூடும். ஆகவே ஆட்ட நாளில் அவனை வீட்டில் இருத்தாதீர்கள். சீருடையுடன் அணியினரின் இருக்கையில் அமரட்டும். பயிற்சியாளரிடம் சொல்லி, பந்துகளை எண்ணும் குறிப்பேட்டை அவனிடம் கொடுக்கச் செய்யுங்கள். தோழனின் பெயருக்கு எதிரே ஒவ்வொரு கோடாக இட்டு, வரம்பு நெருங்கும்போது பயிற்சியாளரிடம் எழுந்து சென்று சொல்பவனாக அவன் இருக்கட்டும்.