ஆரஞ்சு மரத்தை அளக்கும் எதிரொலி

பந்தியில் பரிமாறுகிறவர், ஐந்து வயதுச் சிறுவனுக்கும் அவனுடைய அப்பாவுக்கும் ஒரே அளவு சோற்றை இலையில் வைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? சிறுவன் பாதியை மீதி வைப்பான். அது எச்சில் இலையோடு குப்பைக்குப் போய்ச் சேரும். பழத் தோட்டங்களில் நெடுங்காலமாக உரம் பரிமாறப்பட்டு வந்தது இப்படித்தான். பெரிய மரம், சிறிய மரம், நேற்று நட்ட கன்று எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. மரம் மீதி வைக்கும் உரம் எங்கே போகிறது தெரியுமா? கிணற்றுக்கு!

ஆரஞ்சுக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நடுப்பகுதியிலுள்ள மேட்டு நிலம் பெரும்பாலும் மணல். மரத்துக்கு இடும் நைட்ரஜன் உரம் மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட் அயனி எதிர்மின் சுமை கொண்டது. களிமண் துகள்களும் எதிர்மின் சுமை உடையவையே. ஆகவே களிமண்கூட நைட்ரேட்டைப் பிடித்து வைக்காது. மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேர் உறிஞ்சாமல் விட்டதை அடுத்த பெருமழை நிலத்தடி நீருக்கு இறக்கிவிடுகிறது. குடிநீர் ஒரு லிட்டரில் நைட்ரேட் வடிவிலுள்ள நைட்ரஜன் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அமெரிக்க விதி. அந்த நீரில் பால் கலந்து கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். அந்த மணற்பகுதிக் கிணறுகள் பலவற்றில் இந்த வரம்பு மீறப்பட்டிருந்தது.

அப்படியானால் ஒவ்வொரு மரத்துக்கும் அதன் அளவுக்கேற்ற உரம் இட்டால் போயிற்று என்பீர்கள். சரி, ஆயிரக்கணக்கான மரங்களை யார் அளப்பது? இங்கேதான் பௌதிகம் உதவிக்கு வருகிறது.

வௌவால் இருட்டில் வழி அறிவது எப்படி என்று படித்திருப்பீர்கள். அது எழுப்பும் கேளா ஒலி எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்புகிறது. புளோரிடாவில் டிராக்டர் ஒன்றின் மீது கம்பம் நட்டு, அதில் கேளா ஒலிக் கருவிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தினார்கள். இரண்டு மர வரிசைகளுக்கு நடுவே வண்டி போகும்போது ஒவ்வொரு கருவியும் பக்கவாட்டில் ஒலித்துடிப்பை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும்.

நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒலி போய்த் திரும்ப 0.01 வினாடி ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். போகவரத் தூரம் 3.43 மீட்டர், அதில் பாதி சுமார் 1.7 மீட்டர். கருவியிலிருந்து அடிமரம் 3.5 மீட்டர் தள்ளி இருந்தால், அந்த உயரத்தில் கிளையும் இலையும் வண்டியின் பக்கமாக 1.8 மீட்டர் பரந்திருக்கின்றன என்று பொருள். ஒவ்வொரு உயரத்திலும் இப்படி அளந்து, வண்டி நகர நகரக் கிடைக்கும் துண்டுகளைச் செங்கல் அடுக்குவதுபோலக் கூட்டினால், மரத்தின் இலைக்குடையின் கனஅளவு கிடைத்துவிடும்.

கேளா ஒலிதான் வேண்டுமா, சாதாரண ஒலி போதாதா? 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர். அது இலையைச் சுற்றி வளைந்து போய்விடும். 50,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ அலைநீளம் 7 மில்லிமீட்டர்தான். ஆரஞ்சு இலையில் பட்டு நன்றாகவே திரும்பும். இன்னொரு சங்கதி: காலையில் 10 டிகிரியாக இருந்த காற்று நண்பகலில் 30 டிகிரி ஆனால், ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 12 மீட்டர் கூடிவிடும். திருத்தம் செய்யாவிட்டால் மேற்சொன்ன 1.7 மீட்டரில் 6 சென்டிமீட்டர் பிழை வரும்.

புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் லேக் ஆல்பிரட் ஆராய்ச்சி மையத்தில் ஸமான், ஷூமன் ஆகியோர் 17 ஹெக்டேர் வாலன்சியா ஆரஞ்சுத் தோட்டம் ஒன்றை இப்படி அளந்து, 2005-இல் முடிவுகளை வெளியிட்டனர். மரத்துக்கான இடங்கள் 2,980. சில இடங்களில் மரமே இல்லை. மிகப் பெரிய மரத்தின் குடை 240 கனமீட்டர். உங்கள் வகுப்பறை 6 மீட்டர் நீளமும் 5½ மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உடையதானால், அதன் கனஅளவு ஏறத்தாழ 100 கனமீட்டர். அத்தோட்டத்தில் நூற்றுக்கு 62 இடங்கள் அந்த 100-க்குள் அடங்கியவை. எல்லாவற்றுக்கும் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 270 கிலோ நைட்ரஜன் என்ற கணக்கில்தான் உரம் விழுந்துகொண்டிருந்தது! இலைகளைப் பறித்துச் சோதித்தபோது, 3 சதவீதத்துக்கு மேல் நைட்ரஜன் ஏறியிருந்தவை 100 கனமீட்டருக்குக் குறைந்த மரங்களே. இத்தகைய மரங்களில் விளைச்சலும் பழத்தின் தரமும் குறையக்கூடும்.

டிராக்டர் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞை காட்டியதால், எந்த மரம் எந்த அளவு என்று வரைபடம் தயாராயிற்று. அதைக் கணிப்பொறியில் ஏற்றி, குருணை உரம் தூவும் வண்டியைத் தோட்டத்தின் ஒரு பாதியில் ஓட்டினார்கள். வண்டியின் இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் தனித்தனிச் சங்கிலிகள். இடப்பக்கம் பெரிய மரமும் வலப்பக்கம் கன்றும் இருந்தால் வெவ்வேறு அளவு விழ வேண்டுமே! மரத்துக்குத் தக்கபடி 135 முதல் 270 கிலோ என்ற கணக்கில் உரம் இட்டதில், உரச் செலவில் 38 முதல் 40 சதவீதம் மிச்சமாயிற்று. விலையைக் காட்டிலும், மண்ணில் கூடுதலாக விழாமற்போன நைட்ரஜனே பெரிய ஆதாயம் என்பேன்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. ஆரஞ்சு மரங்களைப் பசுமை நோய் என்னும் பாக்டீரியா நோய் தாக்கியிருப்பது அதே 2005-இல் புளோரிடாவில் கண்டறியப்பட்டது. சிறு பூச்சியொன்று பரப்பும் இந்நோயால் வேர்கள் அழிந்து, மரம் இலையுதிர்த்துச் சிறுக்கிறது. இளம் மரமும் நோயுற்ற மரமும் எதிரொலிக்கு ஒன்றேதான். அவற்றின் தேவையோ வேறு. அதனால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பழம் தாங்காத சிறு கிளைகளிலிருந்து 4 முதல் 6 மாத வயதுள்ள இலைகளைப் பறித்து, சோதனைச் சாலைக்கு அனுப்பும் பழைய வழக்கமும் அங்கே தொடர்கிறது.