பாட்டை ஆராயும் படிப்பு

இசையியல் என்பது பாடவோ வாசிக்கவோ கற்றுத்தரும் படிப்பு அல்ல. இசையை ஆராயும் படிப்பு. ஒரு ராகம் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது, நூலில் உள்ள இலக்கணமும் மேடையில் ஒலிக்கும் பாட்டும் எங்கே ஒத்துப்போகின்றன, ஒரு ஊரின் இசையை யார் வளர்த்தார்கள் என்பன போன்ற கேள்விகளுக்குச் சான்றோடு விடை தேடுவதே இதன் வேலை. கச்சேரியில் பெயர் எடுக்க இந்தப் பட்டம் தேவையில்லை. ஆனால் குரலிலோ வாத்தியத்திலோ நல்ல பயிற்சி இல்லாதவர் இந்த ஆராய்ச்சியில் அதிக தூரம் போக முடியாது.

இதைத் தனித் துறையாக வரையறுத்தவர் ஆஸ்திரியாவின் கைடோ அட்லர். 1885-இல் எழுதிய கட்டுரையில் அவர் இசையியலை வரலாறு சார்ந்தது, கோட்பாடு சார்ந்தது என்று இரண்டாகப் பிரித்தார். உலக மக்களின் இசைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதை இரண்டாவதில் சேர்த்தார். அந்தக் கிளைதான் பின்னாளில் இன இசையியல் என்ற பெயரில் தனியாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் இத்துறைக்குப் பல்கலைக்கழக அளவில் அடித்தளம் போட்டவர் பி. சாம்பமூர்த்தி. ஜெர்மனியின் மியூனிக்கில் படித்துவிட்டு வந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத் துறையை வளர்த்த அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆறு பாகப் பாடநூல் இன்றும் மாணவர் கையில் இருக்கிறது. ஆனால் தமிழிசை ஆராய்ச்சியின் இரு பெரும் நூல்கள் பட்டத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. 1917-இல் 'கருணாமிர்த சாகர'த்தை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூரின் சித்த மருத்துவர். 1947-இல் 'யாழ் நூல்' தந்த விபுலாநந்தர் மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த துறவி.

முதுகலை இரண்டு ஆண்டுப் படிப்பு. சேர்க்கையின்போது பாடவோ வாசிக்கவோ சொல்லிச் சோதிப்பதும் உண்டு. முனைவர் பட்டத்துக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி, குறைந்தது மூன்று ஆண்டுகள். பொதுவான உச்ச வரம்பு ஆறு ஆண்டுகள். எம்.பில். பட்டத்தை அதே விதிகள் நிறுத்திவிட்டன. எனவே ஆராய்ச்சி முறையைச் சிறிய அளவில் பழகிப் பார்க்க இருந்த இடைப்படி இப்போது இல்லை. முதுகலை ஆய்வேட்டையே அதற்கான பயிற்சியாக மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பலர் தடுமாறும் இடம் மொழி. 'சங்கீத ரத்னாகர'மும் 'சதுர்தண்டி பிரகாசிகை'யும் வடமொழியில் இருக்கின்றன. தஞ்சை மராட்டியர் காலத்து இசைச் சுவடிகளுக்குத் தெலுங்கு எழுத்து வேண்டும். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையில் இறங்கப் பழந்தமிழ்ப் பயிற்சி வேண்டும். எல்லாவற்றையும் ஒருவரே கற்பது அரிது. எடுத்துக்கொண்ட தலைப்புக்கு வேண்டிய ஒரு மொழியையாவது மூலத்திலேயே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி எழுதிய ஆய்வேடு முதல் குறுக்குக் கேள்வியிலேயே ஆட்டம் கண்டுவிடும்.

ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்பதற்கு 'வாதாபி கணபதிம்' நல்ல எடுத்துக்காட்டு. முத்துசுவாமி தீட்சிதரின் இந்தக் கிருதியை அவர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர், 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கில் அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் ஸ்வரப்படுத்தித் தந்திருக்கிறார். நொக்கு, ரவை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என ஸ்வரத்தை அழகுபடுத்தும் ஒவ்வொரு கமகத்துக்கும் அந்த நூலில் தனிக் குறி உண்டு. இன்று மேடையில் கேட்கும், ஒரே வரியை அடுக்கடுக்காக மாற்றிப் பாடும் சங்கதிகளை அதில் காண முடியாது. அவற்றைச் சேர்த்தவர் மகா வைத்தியநாத ஐயர் என்று சங்கீத உலகில் சொல்வார்கள். ரசிகருக்கு அந்தச் செய்தியே போதும். ஆய்வு மாணவருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது: சொன்னவர் யார், முதலில் எங்கே அச்சானது, அடுத்தடுத்து வந்த ஸ்வரப் புத்தகங்களில் எந்தச் சங்கதி எப்போது தலைகாட்டுகிறது என்று வரிசையாகத் தேட வேண்டும்.

பிறகு பழைய இசைத்தட்டுகள். அவற்றில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் இடம். தட்டில் கிருதி சுருக்கமாக ஒலிப்பதை வைத்து அந்தக் காலத்தில் அப்படித்தான் பாடினார்கள் என்று எழுதினால் தவறு. எல்லாத் தட்டுகளும் ஒரே வேகத்தில் பதிவானவையும் அல்ல. வேகம் மாறினால் சுருதியும் காலப்பிரமாணமும் சேர்ந்தே மாறும். இந்தப் பொறுமையைத்தான் பட்டப்படிப்பு பழக்க வேண்டும்.

தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது குறுக்கிக்கொள்வது நல்லது. 'கர்நாடக இசையில் பக்தி' போன்ற தலைப்பில் புதிதாக எதையும் நிறுவ முடியாது. ஒரு ராகம், ஒரு சுவடி, ஒரு வாத்தியம் போதும். ஹெரால்ட் பவர்ஸ் 1959-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பட்டம் பெற்றது தென்னிந்திய ராக அமைப்பின் பின்னணி பற்றிய ஆய்வுக்கு. எஸ். ராமநாதன் அதே நாட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எடுத்துக்கொண்டது சிலப்பதிகார இசை. பாட்டையும் ஆராய்ச்சியையும் ஒருசேரக் கொண்டு செலுத்தியவர் ராமநாதன். இத்துறைக்கு வரும் மாணவர் பின்பற்றத்தக்க முன்மாதிரி அவர்.

பிழைப்பைப் பொறுத்தவரை வாய்ப்புகள் குறைவு. கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட் எனப்படும் தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகளில் ஒன்றில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆவணக் காப்பகம், பதிப்பு, இசை விமர்சனம் ஆகியவற்றிலும் சிலர் இடம் பிடிக்கிறார்கள்.

செய்ய வேண்டிய வேலையோ மலைபோல் கிடக்கிறது. கச்சேரி மேடைக்கு வந்த இசையைப் பற்றி எழுதிய அளவுக்கு நாகசுரம், தவில், ஓதுவார் மரபுகளைப் பற்றி எழுதவில்லை. அவற்றுக்கான சான்றுகளில் பெரும்பகுதி நூலகங்களில் இல்லை, கலைஞர் குடும்பங்களில் இருக்கின்றன. வீட்டுப் பரணில் தாத்தா எழுதிய ஸ்வர நோட்டு, பழைய இசைத்தட்டு, கோயில் சம்பளக் கணக்கு என எது இருந்தாலும், பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன் அருகிலுள்ள பல்கலைக்கழக இசைத் துறைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.