பயிற்சிக்குத் துணை உணவு
இயன்முறை மருத்துவத்தில் ஊட்டச்சத்தின் பங்கு

பக்கவாதம், எலும்பு முறிவு, முதுகெலும்புக் காசநோய் முதலியவற்றால் வலிமை குன்றிய உறுப்புகளைப் பயிற்சியின் வாயிலாக மீண்டும் இயங்கச் செய்வது இயன்முறை மருத்துவமாகும். இந்தியாவில் இத்துறை வேரூன்றிய நகரங்களுள் மும்பை முதன்மையானது. இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்ட குழந்தைகளுக்கென பாத்திமா இஸ்மாயில் அம்மையார் 1947இல் அங்கே ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். 1955இல் ஹாஜி அலியில் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிலையம் நிறுவப்பெற்றது.

பயிற்சி தசையைத் தூண்டுமேயன்றி, தசையை ஆக்கும் மூலப்பொருளைத் தருவதில்லை. அப்பொருள் உணவிலுள்ள புரதமேயாகும். உணவு போதாதபோது உடல் தன் தசைப் புரதத்தையே சிதைத்து ஆற்றலாகச் செலவிடுகின்றது. அந்நிலையில் பயிற்சியை மிகுத்தால் நோயாளி தேறுவதற்கு மாறாக மெலிவார். படுக்கையில் கிடப்பதும் தசையைக் குறைக்கும். அமெரிக்காவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நலமுள்ள முதியோர் 10 நாட்கள் படுக்கையில் இருந்த அளவிலேயே அவர்தம் கால்களில் ஏறத்தாழ 1 கிலோகிராம் தசை குறைந்தது கண்டறியப்பட்டது.

தினக்கூலியை நம்பி வாழ்வோர் மிகுந்த தாராவி போன்ற பகுதிகளில் இவ்வுண்மை தனிச் சிறப்புடையது. உழைப்பவர் படுக்கையில் வீழ்ந்தால் வருவாய் நிற்கின்றது. பருப்பும் பாலும் முட்டையுமே முதலில் குறைக்கப்படுகின்றன. உடலுக்குப் புரதம் மிகுதியாக வேண்டப்படும் காலமும் அதுவேயாகும். அருகிலுள்ள சயான் நகராட்சி மருத்துவமனையில் கற்ற பயிற்சியை அவர் இல்லத்தில் தவறாது செய்துவந்தாலும், உணவு போதாவிடின் பயன் குறையும்.

நலமுள்ளோருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டுமென 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வரையறுத்தது. நோயினின்று மீளும் முதியோருக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வல்லுநர் பரிந்துரைக்கின்றனர். 50 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 60 கிராமுக்குக் குறையாது. அரிசி, கோதுமை 300 கிராமில் சுமார் 25 கிராம் புரதம் கிடைக்கும். துவரம்பருப்பு 60 கிராம், நிலக்கடலை 30 கிராம், முட்டை ஒன்று, பால் ஒரு குவளை ஆகியவை மேலும் சுமார் 32 கிராம் அளிக்கும். விலையுயர்ந்த சத்துமாவுகள் இன்றியமையாதனவல்ல. சிறுநீரக நோயுடையோர் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தை மிகுத்தல் வேண்டும்.

காசநோயாளிகளுக்கு நிக்ஷய் போஷண் திட்டத்தின்கீழ் வழங்கப்படும் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முதுகெலும்புக் காசநோயாளிகளும் இதற்குரியவர்களே என்பதைக் களப்பணியாளர் குடும்பத்தாருக்கு எடுத்துரைத்தல் நலம்.

இல்லம் செல்லும் பணியாளர் பயிற்சியைப் பற்றி வினவுவதோடு, முந்தைய நாள் உண்டது யாதென்றும் வினவுதல் வேண்டும். இரு வாரங்களுக்கு ஒருமுறை எடையைக் குறித்தல் வேண்டும். எடை குறைந்துவரின், பயிற்சியை மிகுப்பதற்கு முன் உணவுக்கு வழி காணுதலும், சிகிச்சையளிப்போருக்கு அறிவித்தலும் கடமையாகும். பள்ளி ஆசிரியர்கள் பருப்பு, நிலக்கடலை ஆகியவற்றின் பயனை மாணவர்க்கு உணர்த்தினால், அச்செய்தி நோயாளி உள்ள இல்லங்களையும் எளிதில் சென்றடையும்.