புறாமலையின் கடலடித் திணைகள்

நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய புள்ளும் விலங்கும் மரமும் தொழிலும் இவையெனக் கண்டவர் பண்டைத் தமிழர். ஆயின் அப்பகுப்பு கரையோடு நின்றுவிட்டது. அலைக்குக் கீழே கிடப்பது யாவும் கடல் என்னும் ஒரே சொல்லில் அடங்கிற்று. முத்துக்குளித்தோரும் மீன்பிடித்தோருமே அதனுள் மணலையும் பாரையும் வேறுபிரித்து அறிந்திருந்தனர். கடலின் அடியும் பல திணைகளாகப் பகுக்கத்தக்கது என்பதை இன்று முகக்கண்ணாடியும் ஒரு முழக் குழாயும் கொண்ட எவரும் கண்டுகொள்ளலாம். இலங்கையில் அதற்கு ஏற்ற இடங்களுள் தலையாயது திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரைக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவு.

மலைநாட்டுக்கும் கீழ்க்கரைக்கும் உள்ள உறவு பலர் எண்ணுவதினும் நெருங்கியது. ஹட்டன் மேட்டின் ஒரு சாய்வில் வீழும் மழை களனியோடு சேர்ந்து மேற்கே கொழும்பை அடைகின்றது. மறுசாய்வில் வீழ்வது, தலவாக்கலையைத் தொட்டோடும் கொத்மலை ஓயா வழியே மகாவலியிற் கலந்து, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவிற் புகுகின்றது. மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர். இலங்கை ஆறுகளுள் நீண்டது அதுவே. முருகைக்கல் வளர உவர்நீரும் ஒளியும் தெளிவும் வேண்டும். ஆதலால் நன்னீரும் வண்டலும் வந்து கொட்டும் ஆற்றுமுகத்தில் அது பார் கட்டுவதில்லை. ஆற்றுமுகம் திருகோணமலைக்குத் தெற்கேயும் புறாமலை வடக்கேயும் அமைந்தமை அத்தீவின் நற்பேறு எனலாம்.

புறாமலை என்பது உண்மையில் பெரியதும் சிறியதுமான இரு தீவுகள். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவு. படகில் சில நிமிடங்களிற் சென்றடையலாம். பெரிய தீவு 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் உடையது. அதன் உச்சி கடல்மட்டத்துக்கு மேல் 45 மீற்றர் அளவினது. பாறை இடுக்குகளில் வாழும் மாடப்புறாக்களே பெயருக்குக் காரணம். ஆங்கிலேயர் காலத்தில் துப்பாக்கிப் பயிற்சிக்கு இலக்காக இருந்த இத்தீவு, 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பூங்காவின் பரப்பு 471 ஹெக்டேயர். தீவுகளோ மிகச் சிறியவை. காக்கப்படுவது பெரும்பாலும் நீர்ப்பரப்பே என்பது இதனால் விளங்கும்.

நீருக்குள் இறங்குமுன் கருவியைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். வெறுங்கண்ணால் நீருள் நோக்கின் யாவும் மங்கித் தோன்றும். கண்ணுக்கு முன்னே காற்று இருந்தாலன்றி ஒளி சரிவரக் குவியாது. முகக்கண்ணாடி அக்காற்றறையைத் தருகின்றது. ஆயின் ஒளி நீரிலிருந்து காற்றுக்கு மாறுகையில் முறிவதால், பொருள்கள் மூன்றிலொரு பங்கு பெருத்தும், கால்பங்கு அண்மையிலும் தோன்றும். சுறா கண்டு மீண்டோர் கூறும் அளவுகளைக் கேட்போர் இதனை நினைவிற் கொள்வது நன்று. குழாயை ஒரு முழத்தினும் நீட்டி ஆழத்திற் கிடந்து சுவாசிக்கலாகாதா எனின், ஆகாது. அரை மீற்றர் ஆழத்திலேயே நீரின் அழுத்தத்தை எதிர்த்து நெஞ்சை விரிப்பது அரிதாகிவிடும். நீண்ட குழாயில் விட்ட மூச்சே திரும்ப வந்து நிறையவும் செய்யும். ஆதலால் இக்கலை மேற்பரப்பில் கவிழ்ந்து மிதந்து கீழே நோக்கும் கலையாகவே இருந்து வருகின்றது.

அவ்வாறு மிதப்பவன் முதலிற் காண்பது மணலும் உடைந்த முருகைத் துண்டுகளும் பரந்த இடம். வெறுமையாகத் தோன்றும் இதுவும் ஒரு வாழிடமே. துண்டுகளுக்கு அடியில் நண்டும் சிறு நட்சத்திரமீனும் ஒதுங்கும். கடலட்டை மணலை விழுங்கி அதிலுள்ள உணவை எடுத்துக்கொண்டு தூய மணலை வெளியேற்றும். அவ்வெண்மணலிற் பெரும்பகுதி ஒருகால் முருகையாக இருந்ததே. கிளிமீன் தன் அலகுபோன்ற பல்லால் பாறையைச் சுரண்டி, அதில் வளரும் பாசியை உண்டு, கல்லை அரைத்து மணலாகக் கழிக்கின்றது. பெருவகைக் கிளிமீன் ஒன்று ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோகிராம் மணலை ஆக்கவல்லது. அமைதியான நாளில் அது கல்லைக் கடிக்கும் ஒலியை நீருள் தெளிவாகக் கேட்கலாம்.

மணலைக் கடந்தால் முருகைத் தோட்டம். மான்கொம்புபோற் கிளைத்தவை, மேசைபோல் விரிந்தவை, மூளைபோல் மடிந்தவை எனப் பல வடிவின. கல்லெனக் காணும் இதனைக் கட்டுவது உயிர். அவ்வுயிரின் உடலுள் நுண்பாசி குடியிருந்து, ஞாயிற்றொளியில் உணவாக்கி, அதிற் பெரும்பங்கைத் தன்னை ஏற்றவனுக்கே அளிக்கின்றது. வாடகை என்றே கூறலாம். திருகோணமலைக் கடலில் ஏறத்தாழ 100 வகை முருகைகளும் 300 வகைப் பார்மீன்களும் பதிவாகியுள்ளன. அவற்றுட் பல இங்கே காணக் கிடைப்பன. வண்ணாத்திமீன்கள் இணை இணையாய்த் திரிந்து முருகையைக் கொத்தும். கோமாளிமீன் வேறெம்மீனும் அஞ்சும் கடற்சாமந்தியின் கொடுக்குகளிடையே அச்சமின்றித் துயிலும். ஆழமற்ற இப்பகுதியிலேயே கருமுனைச் சுறாக்கள், குட்டிகளும் முதிர்ந்தனவுமாக, உலவும். அவை மனிதரைக் கண்டு விலகும் இயல்பின.

இன்னும் அப்பால் தீவின் பாறைகளே நீருட் சரிந்து இறங்குகின்றன. இங்கு ஒளி குறைவு. செந்நிறம் சில மீற்றரிலேயே நீரிற் கரைந்துவிடுவதால் யாவும் நீலம் பூண்டு தோன்றும். இடுக்குகளில் கலவாய்மீன் பதுங்கும். கடற்பஞ்சுகளை விரும்பி உண்ணும் அழுங்காமையும் இக்கடலுக்கு வந்து செல்கின்றது.

பார்மீன்களுட் பல பாரிற் பிறந்து பாரிலேயே வளர்வன அல்ல என்பது ஈண்டுக் கருதற்பாலது. கரிபியன் கடலில் பெலீஸ் நாட்டார் 1987இல் ஹோல் சான் என்னும் கடற்காப்பகத்தை நிறுவியபோது, பாரை மட்டுமன்றிக் கடற்புல் வெளியையும் கண்டற்காட்டையும் தனித்தனி வலயங்களாக்கி உடன் சேர்த்தனர். காரணம் தெளிவு: கண்டல் வேர்களிடையே ஒதுங்கும் குஞ்சு, சிறிது வளர்ந்து புல்வெளியில் மேய்ந்து, முதிர்ந்தபின் பாரை அடைகின்றது. புறாமலைப் பூங்காவோ பாரைச் சூழ்ந்த எல்லையே உடையது. திருகோணமலையைச் சார்ந்த குடாக்களிலும் களப்புகளிலும் உள்ள கண்டலும் கடற்புல்லும் அவ்வெல்லைக்குப் புறத்தே உள்ளன. வீட்டைக் காத்துத் தொட்டிலை வெளியே விட்டாற்போன்ற ஏற்பாடு இது.

இப்பார் கண்ட இடுக்கண்கள் சிலவல்ல. 1970களில் முருகையை உண்ணும் முள்முடி நட்சத்திரமீன் திருகோணமலைப் பார்களிற் பெருகி அழிவு செய்தது. 1998இல் கடல் வெம்மையுற்றபோது, உள்ளுறை பாசி நீங்கி ஹிக்கடுவை முதலிய தென்மேற்குப் பார்கள் வெளிறி மடிந்தன, புறாமலை தப்பிற்று. 2004இன் கடற்கோளும் அதனை முற்றாக அழிக்கவில்லை. இவற்றுக்குத் தப்பியது இப்பொழுது மனிதர் காலடியில் நொறுங்குகின்றது. நீச்சல் பழகாதவர் களைத்தவுடன் கால் ஊன்ற இடம் தேடுவர். ஊன்றக் கிடைப்பது முருகையே. மான்கொம்பு முருகை ஆண்டுக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவே வளரும். உருண்டை முருகை ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டுவது அரிது. ஓர் ஆளின் எடையில் முறிவது ஒருவருடைய பள்ளிக்காலம் முழுவதும் வளர்ந்த கிளையாகும். மிதவை அங்கி ஒன்றை அணிந்து இறங்கின் இவ்வழிவு பெரிதும் நீங்கும். அதனை அணிவது நாணத்துக்குரியதென எண்ணும் இளைஞரே நொறுக்குவோரில் முற்படுகின்றனர்.

மலைச்சரிவின் மண்ணும் இக்கதைக்குப் புறம்பானதன்று. தேயிலைத் தோட்டங்களிற் சாய்வின் குறுக்கே கான் வெட்டுவதும், கல்லணை கட்டுவதும் மேல்மண்ணைத் தடுத்து நிறுத்தவே. கான் தூர்ந்த மலையிலும், மரக்கறிக்கெனக் கொத்திவிட்ட செங்குத்துச் சரிவிலும், ஒரு மழைக்கே ஆறு செந்நிறங் கொள்ளும். 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லைத் தேக்கம் சில ஆண்டுகளிலேயே வண்டலாற் பெரிதும் தூர்ந்தது. பின்னர் எழுந்த கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களும் வண்டலின் ஒரு பகுதியைத் தடுக்கின்றன. எஞ்சியது கொட்டியாரக் குடாவைச் சேர்கின்றது. நுண்மண் முருகையின் மேற் படியுமிடத்து, உள்ளிருக்கும் பாசிக்கு ஒளி மறைகின்றது. மண்ணைக் கழுவித் தள்ளுவதிலேயே அவ்வுயிரின் வலிமை செலவாகின்றது.

புறாமலைக்குச் செல்லும் பருவம் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவக்காற்று எழுந்தால் கீழ்க்கரைக் கடல் கொந்தளித்துக் கலங்கும். கடல் தெளிந்து, படகிலிருந்தே அடி தெரியும் ஆனி, ஆடி மாதங்களில், ஹட்டன் மலைகளில் தென்மேற்குப் பருவமழை இடைவிடாது பெய்துகொண்டிருக்கும்.